அக்கா போட்ட தோட்டா

எனக்கும் துப்பாக்கிக்கும் ஏழாம் பொருத்தம். வேட்டைக்குப் பேர்போன மோண்டானாவில் பிறந்து வளர்ந்த ஒருவன் இப்படிச் சொன்னால் ஊரில் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். பார்க்கட்டும். நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். பிள்ளைகள் போடும் கூச்சலே என் காதுக்குப் போதும்.

ஆனால் நான் கட்டிக்கொண்டது மார்லிஸை. அவளுடைய அப்பா ஆல்வின் வைத்திருந்த ஸ்பிரிங்ஃபீல்டு ரைஃபிள் நூற்று முப்பது வருஷத்துக்கு மேல் பழையது. குதிரைப்படைக்காரர்கள் தோளில் மாட்டிக்கொண்டு திரிந்த காலத்து இரும்பு. பின்பக்கம் ஒரு மூடி உண்டு. அதைத் தூக்கி ஒரே ஒரு தோட்டாவைச் செருகி, மூடிவிட்டுச் சுட வேண்டும். அடுத்ததற்கு மறுபடி மூடியைத் தூக்க வேண்டும். இந்த அழகுக்காக அந்தக் குடும்பத்தில் அண்ணன் தம்பி அக்கா தங்கை என்று மூன்று தலைமுறையாகச் சண்டை.

ஆல்வின் கண்ணை மூடும்போது பெரிய புத்திசாலித்தனம் என்று நினைத்து ஒரு காரியம் செய்துவிட்டுப் போனார். ரைஃபிளை இளையவன் வெண்டலுக்குக் கொடுத்தார். தோட்டா போடும் மேஜை, அதாவது பித்தளைக் கூட்டில் மருந்தும் குண்டும் ஏற்றுகிற மேஜை, வெடிமருந்து அளக்கும் கருவி, தராசு, ஈயம் வார்க்கும் அச்சு எல்லாவற்றையும் மூத்தவள் மார்லிஸுக்குக் கொடுத்தார். ஒன்றில்லாமல் மற்றது உதவாது, அதனால் இரண்டு பேரும் ஒற்றுமையாக இருப்பார்கள் என்று கணக்குப் போட்டிருப்பார் போல. தன் பிள்ளைகளைப் பற்றி அவருக்கு அவ்வளவுதான் தெரிந்திருக்கிறது. பதினொரு வருஷம் ரைஃபிள் வெண்டல் வீட்டுச் சுவரில் தொங்கியது. மேஜை எங்கள் கராஜில் தூசி படிந்து கிடந்தது. கிறிஸ்துமஸுக்கு ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள், "உப்பை இந்தப் பக்கம் தள்ளு" என்பதைத் தாண்டி ஒரு பேச்சு இருக்காது.

தன்னைவிட மோசமாகக் குறி பார்க்கிறவனுக்கு, அதுவும் தன்னைவிடச் சின்னவனுக்கு, ஆண்பிள்ளை என்பதற்காக ரைஃபிள் போய்விட்டது என்று மார்லிஸுக்கு ஆற்றாமை. அதில் நியாயம் இல்லை என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லிவிட்டு நான் எங்கே சாப்பிடுவது?

இந்த இலையுதிர் காலத்தில் வெண்டல் போன் செய்தான். எல்க் மான் வேட்டைக்கு இந்தத் தடவை அப்பாவின் ரைஃபிளைத்தான் எடுத்துப் போகப் போகிறானாம். "அக்கா, கொஞ்சம் தோட்டா போட்டுத் தருவியா?" என்று கேட்டான்.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்கு இது சாதாரணமாகப் படும். இங்கே ஒருவன் அடுத்தவனிடம் டிரக்கை இரவல் கேட்பான், வீட்டுச் சாவியை வாங்கிக்கொள்வான். ஆனால் அடுத்தவர் கையால் போட்ட தோட்டாவை மட்டும் சுட மாட்டான். உள்ளே எவ்வளவு மருந்து இருக்கிறது என்பது போட்டவருக்கு மட்டும்தான் தெரியும், வெடிப்பதோ சுடுகிறவனின் கன்னத்துக்குப் பக்கத்தில். ஆகவே வெண்டல் தோட்டா கேட்டது, 'என் கண்ணை உன்னிடம் ஒப்படைக்கிறேன்' என்று சொன்ன மாதிரி. மார்லிஸ் "பாக்கலாம்" என்று வெடுக்கென்று சொல்லிப் போனை வைத்தாள். வைத்தவள் அன்று முழுக்க அந்த மேஜையைத் துடைத்துத் துடைத்துப் பளபளவென்று ஆக்கினாள். சமையல் நான்தான்.

வியாழக்கிழமை மத்தியானம் வெண்டல் வந்தான். குளிர் என்றால் இந்த ஊரில் காரமான சில்லிக் குழம்பும் லவங்கப்பட்டை ரோலும்தான். நான் ஒரு கிண்ணம் நிறையக் குழம்பு ஊற்றி, சர்க்கரைப் பாகு வழிய வழிய ஒரு ரோலும் கொடுத்தேன். அவன் இடது கையில் கிண்ணம், வலது கையில் ரோல் என்று கராஜில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

மார்லிஸ் பலகையில் பித்தளைக் கூடுகளை வரிசையாகச் செருகி வைத்திருந்தாள். மருந்து போடாத கூடு வாய் கீழாக இருக்கும். ஒவ்வொன்றாக எடுத்து, அளவுக் கருவியின் கீழே பிடித்து, கைப்பிடியை இழுத்து மருந்து விட்டு, வாய் மேலாகத் திருப்பி வைப்பாள். எது ஆயிற்று, எது ஆகவில்லை என்று குழம்பவே முடியாது. எல்லாம் முடிந்ததும் டார்ச் அடித்து ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் எட்டிப் பார்ப்பாள். அதற்குப் பிறகுதான் ஈயக்குண்டு ஏறும்.

"இங்க ஒரே ஒரு சட்டம்தான்டா. நான் கைப்பிடி இழுக்கறப்ப நீ வாயத் திறக்கக் கூடாது" என்றாள்.

"நான் எங்க பேசறேன்? சாப்பிட்டுட்டு இருக்கேன்" என்றான் வெண்டல். இரண்டு வாய் சாப்பிட்டான். "அப்பா இவ்ளோ மெதுவா இழுக்க மாட்டாரே."

"அப்பா போட்டா நீ பக்கத்துல இருக்க மாட்ட. அவரு உன்ன வெளிய துரத்திடுவாரு."

"துரத்தினாலும் ரைஃபிள எனக்குத்தான குடுத்தாரு."

மார்லிஸ் கையில் கூட்டைப் பிடித்தபடியே முழுசாகத் திரும்பினாள். "ஆமா. உனக்கு ரைஃபிளக் குடுத்தாரு, எனக்கு மூளையக் குடுத்தாரு. எது அதிக நாள் வரும்னு பாப்போம்."

வாயில் இருந்த ரோலோடு சிரித்ததில் வெண்டலுக்குப் புரையேறியது. அவளும் சிரித்துவிட்டாள். பதினொரு வருஷத்தில் அந்த இரண்டு பேரும் சேர்ந்து சிரித்து நான் அன்றுதான் கேட்டேன். அடுப்பைப் பார்க்கப் போகிற சாக்கில் உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், வெங்காயம்தான் காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அரட்டை அடித்துக்கொண்டே அவள் பாதிப் பலகைக்குக் குண்டு ஏற்றி, பெட்டியில் அடுக்கி அவன் கையில் கொடுத்தாள். மீதியை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மேலே ஒரு துணியைப் போட்டு மூடினாள்.

மறுநாள் பஸ்ஸை விட்டுவிட்டு நான் வீட்டுக்கு வந்தபோது கராஜில் விளக்கு எரிந்தது. மார்லிஸ் அந்தக் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்திருந்தாள். கையில் டார்ச், முகத்தில் ரத்தமே இல்லை.

"ராய்ஸ், இதப் பாரு" என்றாள்.

பலகையில் எல்லாக் கூடுகளும் வாய் மேலாக இருந்தன. அவள் காட்டிய கூட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். பித்தளைதான் தெரிந்தது.

"காலியா இருக்கு. அதுக்கென்ன, இப்பப் போட்டுட்டாப் போச்சு" என்றேன்.

"வாய் மேல இருக்கறது காலியா இருக்கக் கூடாது. இதுக்கு நான் கைப்பிடி இழுத்திருக்கேன். அந்த மருந்து எங்க போச்சு?"

எனக்குப் புரியவில்லை என்பதை என் முகமே சொல்லியிருக்கும். அவள் நிதானமாகச் சொன்னாள். அந்தக் காலத்துக் கருமருந்து போட்டால் கூடு கழுத்து வரை நிறைந்துவிடும். இரண்டு தடவை போட்டால் வழிந்து கொட்டிக் காட்டிக்கொடுக்கும். இப்போது அவள் போடும் புகையில்லாத மருந்து அப்படி இல்லை. கூட்டின் அடியில் கொஞ்சம்தான் கிடக்கும். இரண்டு தடவை போட்டாலும் தாராளமாக இடம் இருக்கும், மேலே குண்டு அழகாக உட்கார்ந்துவிடும். ஆனால் அந்தக் கிழட்டு இரும்பு ஒரு அளவைத்தான் தாங்கும். இரண்டு அளவு போனால் மூடி பெயர்ந்து முகத்துக்கு வரும்.

"சிரிச்சிட்டு இருந்தப்ப ஒண்ணுலயே ரெண்டு தடவ இழுத்துட்டு, பக்கத்துல இருந்ததுக்குப் போட்டாச்சுன்னு நெனச்சுத் திருப்பி வெச்சிருப்பேன். டார்ச்சும் அடிக்கல. இங்க மிச்சம் இருக்கற எல்லாத்தயும் பாத்துட்டேன், சரியா இருக்கு. அப்ப அது அவன் பெட்டியிலதான் இருக்கணும்."

"தராசுல நிறுத்துப் பாக்கச் சொல்லு அவன."

"கூடெல்லாம் நாலு கம்பெனி. குண்டு நானே அடுப்புல வார்த்தது. ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. நிறுத்தா என்ன தெரியும்?"

நான் வெண்டலுக்குப் போன் செய்தேன். மலைக்குப் போய்விட்டான், லைன் கிடைக்கவில்லை. மறுநாள் விடிந்தால் வேட்டை தொடக்கம். ஆனால் விடியும் வரை அவன் காத்திருக்க மாட்டான் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். முகாம் போட்ட அன்று சாயங்காலமே ஒரு டப்பாவை மரக்கட்டை மேல் வைத்துச் சுட்டுப் பார்ப்பது அவன் பழக்கம். சுவரிலேயே தொங்கிய ரைஃபிள் என்றால் கேட்கவே வேண்டாம்.

மார்லிஸ் மேஜை இழுப்பறையிலிருந்து குண்டு பிடுங்கும் சுத்தியலை எடுத்துக்கொண்டாள். பார்க்கப் பிள்ளைகள் விளையாடும் பிளாஸ்டிக் சுத்தியல் மாதிரி இருக்கும். தோட்டாவை அதன் தலைக்குள் மாட்டிக் கட்டையில் தட்டினால் குண்டும் மருந்தும் தனியாகக் கழன்று விழும். வெண்டல் எப்போதும் முகாம் போடும் இடம் எங்களுக்குத் தெரியும், நான் டிரக்கைக் கிளப்பினேன்.

வழியெல்லாம் மெல்லிய பனி. மலைப்பாதையில் என்னால் எவ்வளவு வேகமாகப் போக முடியுமோ அவ்வளவு வேகமாகப் போனேன், அதாவது பள்ளிக்கூட பஸ் வேகம். வேறு நாளாக இருந்தால் திட்டியிருப்பாள். அன்று மடியில் சுத்தியலை வைத்துக்கொண்டு முன்னாலேயே பார்த்திருந்தாள்.

"இன்னொண்ணும் இருக்கலாம் ராய்ஸ்" என்றாள் கொஞ்சம் பொறுத்து. "அவனே ஒரு காலிக் கூட்ட எடுத்துப் பாத்துட்டு, மறதியா வாய் மேல வெச்சிருந்தா? நானும் போட்டாச்சுன்னு நெனச்சு அத விட்டிருப்பேன். அப்ப ரெட்டை மருந்தே கிடையாது. எல்லாம் சரியா இருக்கும்."

"அப்ப அவனக் கேட்டுடலாமே."

"எப்படிக் கேப்பேன்? நீ தொட்டியாடான்னு கேட்டா அவன் தலைல பழியப் போடற மாதிரி இருக்காதா? இத்தன வருஷம் கழிச்சு அவனா வந்து ஒண்ணே ஒண்ணு கேட்டான். அதயும் நான் இப்படிப் பண்ணி வெச்சிருக்கேன். இனிமே ஜென்மத்துக்கும் கேக்க மாட்டான்."

அவளுக்குப் பயம் இரண்டு என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. தம்பியின் கண் போய்விடுமோ என்பது ஒன்று. கண் தப்பினாலும் தம்பி போய்விடுவானோ என்பது இன்னொன்று. ஹீட்டரைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெளிச்சம் இருந்தது. பைன் மரங்களுக்கு நடுவில் வெண்டலின் கூடாரம், அதன் தகரக் குழாயில் புகை. தள்ளி ஒரு கட்டை மேல் பீன்ஸ் டப்பா நின்றுகொண்டிருந்தது. வெண்டல் காது மூடியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ரைஃபிளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். தோட்டாப் பெட்டி அவன் டிரக்கின் பின்பலகையில் திறந்து கிடந்தது.

எங்கள் டிரக் நிற்பதற்குள் மார்லிஸ் குதித்து இறங்கினாள். "சுட்டியா?"

"என்னக்கா, நீயும் வேட்டைக்கு வந்துட்டியா? அத்தானையும் இழுத்துட்டு வந்திருக்க, பாவம், அவருக்கு மானப் பாத்தாலே பயமாச்சே" என்றான்.

"சுட்டியாடா?"

"இன்னும் இல்ல. இப்பத்தான் காபி குடிச்சேன்."

அவள் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூச்சு வாங்கியது. பிறகு சுற்றி வளைக்காமல் சொன்னாள். காலிக் கூடு ஒன்று இருந்தது, டார்ச் அடிக்காமல் விட்டது, அவன் பெட்டியில் ஒன்றில் இரட்டை மருந்து இருக்கலாம், எல்லாம் சொன்னாள். கடைசியில்தான், குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நீ ஏதாவது கூட்ட எடுத்துப் பாத்தியா?" என்று கேட்டாள்.

வெண்டல் ரைஃபிளைக் கை மாற்றிப் பிடித்தான். அவளையே பார்த்தான்.

"ஆமா, எடுத்தேன்" என்றான். "நீ அத்தான்கிட்ட ஏதோ சொல்லத் திரும்பினப்ப. அடியில என்ன கம்பெனி போட்டிருக்குன்னு பாத்தேன். வாய் மேல வெச்சுட்டேன் போல. என் தப்புதான். இதுக்குப் போயி இவ்ளோ தூரம் வந்தியா?"

நான் டிரக்கிலிருந்து இறங்கினேன். அப்படியே அவனுடைய மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தேன். ஆண்டவரே, எல்லாம் சரியாகிவிட்டது, இனி காபி குடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று இருந்தது. வெண்டல் பெட்டியிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்தான். ரைஃபிளின் மூடியைத் தூக்கிச் செருகினான். "பாத்துட்டே இரு, டப்பா பறக்கும்" என்றான்.

அவன் மூடுவதற்குள் மார்லிஸ் தன் உள்ளங்கையை அதற்குள் வைத்தாள்.

"வெளிய எடு."

"அதான் சொல்லிட்டேன்லக்கா."

"எடுடா."

எடுத்தான். அவள் பெட்டியை வாங்கிக்கொண்டு, பீன்ஸ் டப்பாவைத் தள்ளிவிட்டு அந்தக் கட்டைக்கு முன்னால் மண்டிபோட்டாள். முதல் தோட்டாவைச் சுத்தியலுக்குள் மாட்டித் தட்டினாள். குண்டு கழன்றது. மருந்தை வெண்டலின் காபிக் கோப்பை மூடியில் கொட்டிப் பார்த்து, ஒரு காகிதத்தில் தனியாக வைத்தாள். சரியான அளவு. அடுத்தது. அதுவும் சரி.

வெண்டல் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றுக்கும் ஏதாவது சொல்லிக்கொண்டிருந்தான். "பாத்தியா, நல்லாத்தான் இருக்கு." "அருமையான தோட்டா, இப்படிப் போட்டு ஒடைக்கிறியே." "அத்தான், இவ உங்க சட்டைய இஸ்திரி போட்டாலும் இப்படித்தான் மறுபடி கசக்கிப் பாப்பாளா?" இஸ்திரி போடுவது நான்தான் என்று சொன்னேன். மார்லிஸ் தலையை நிமிர்த்தவே இல்லை. கட்டையில் சுத்தியல் விழும் சத்தம் மரங்களுக்குள் போய்த் திரும்பி வந்தது.

பெட்டி பாதிக்கு மேல் காலியாகியிருக்கும். ஒன்றைத் தட்டிக் கவிழ்த்தாள். மருந்து விழுந்தது. நின்றுவிடும் என்று நான் பார்த்த இடத்தில் நிற்காமல் இன்னும் விழுந்தது. மூடியில் ஒரு குவியலாக நின்றது. முந்தையதைக் கொட்டி வைத்திருந்த காகிதம் பக்கத்திலேயே இருந்தது. எனக்கே வித்தியாசம் தெரிந்தது, தராசு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

வெண்டலும் குனிந்து பார்த்தான்.

மார்லிஸ் மீதித் தோட்டாக்களையும் ஒன்று விடாமல் பிடுங்கினாள். அவையெல்லாம் சரியாக இருந்தன. பிறகு எழுந்து முழங்காலில் ஒட்டியிருந்த பனியைத் தட்டிவிட்டாள்.

"நீ எந்தக் கூட்டயும் தொடல" என்றாள்.

வெண்டல் காது மூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"ஒரு கையில கிண்ணம், ஒரு கையில ரோலு. விரலெல்லாம் பாகு. நீ தொட்டிருந்தா அந்தக் கூடு பிசுபிசுன்னு இருந்திருக்கும். நான் அதத் தொட்டுப் பாத்தேன், சுத்தமா இருந்துச்சு. ஏன்டா பொய் சொன்ன?"

"நீ வந்து நின்ன மூஞ்சியப் பாத்தா பாவமா இருந்துச்சு" என்றான் அவன். "நீயே சந்தேகம்னுதான சொன்ன. இருக்கலாம், இல்லாமயும் இருக்கலாம்ன. சரி, இல்லன்னு வெச்சுப்போம்னு பாத்தேன்."

"அந்த ரெட்டை மருந்து உன் கைக்கு வந்திருந்தா? கண்ணு போயிருக்கும்டா."

"தெரியும்."

"தெரிஞ்சுமா செருகுன?"

"பதினொரு வருஷமா மனசுக்குள்ள உன்னத் தப்பு தப்புன்னு சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப் போச்சுக்கா. இன்னைக்கும் அதையே சொல்ல மனசு வரல."

மார்லிஸ் அவன் தலையிலிருந்த தொப்பியைப் பிடுங்கி அதாலேயே அவனை அடித்தாள். தோளில், மார்பில், மறுபடி தோளில். அவன் தடுக்கவில்லை. நான் நாற்காலியை விட்டு எழுந்தேன், ஆனால் பக்கத்தில் போகவில்லை. அடித்துக்கொண்டிருந்தவள் தொப்பியைக் கீழே போட்டுவிட்டு அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். வெளிச்சத்துக்கு நேராக வைத்து, இடது கண்ணைப் பார்த்தாள், வலது கண்ணைப் பார்த்தாள். தாடையை, காதை, நெற்றியை விரலால் தடவிப் பார்த்தாள். ஒன்றும் வெடிக்கவில்லை, ஒரு கீறலும் இல்லை என்பது அவளுக்குத் தெரியாதா என்ன? ஆனாலும் தடவிக்கொண்டே இருந்தாள். அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"அந்த ரைஃபிள் எனக்கு ஒரு மண்ணும் வேணாம்டா" என்றாள். "நான் பண்ணது தப்பு. அத நீ என் மூஞ்சிக்கு நேரா சொல்லணும். சொல்லு."

"தப்புதான்கா" என்றான் வெண்டல். அவன் குரலும் சரியாக இல்லை. "டார்ச் அடிக்காம விட்டது உன் தப்புதான்."

"ஆமா, என் தப்புதான்" என்றாள் மார்லிஸ். அவன் முகத்திலிருந்து கையை எடுக்கவில்லை.